ஏழு வீட்டுக் கீரை

திருமயத்திலிருந்து அரிமளம் போகும் சாலையில் இருக்கும் ஒரு நர்சரியில் ராசாத்தி களை எடுக்கிறார். வயது நாற்பத்தெட்டு. கஜா புயலுக்கு அடுத்த வருடம் சேர்ந்தார். புயலில் மரம் போனவர்கள் எல்லாரும் கன்று தேடி அலைந்த நேரம் அது. சவூதியிலிருந்து திரும்பியிருந்த செம்மல், ஒன்றரை ஏக்கரில் நிழல்வலை கட்டி நர்சரி தொடங்கினார். நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ராசாத்தி இங்கே வந்தார். அதன்பிறகு வேறெங்கும் போகவில்லை.

செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் கலந்து கறுப்பு பாலித்தீன் பையில் நிரப்பி, ஒரு பைக்கு ஒரு கன்று வைப்பார்கள். கன்று வேர் பிடித்து முழ உயரம் வந்ததும் நடுவதற்கு ஆள் வந்து வாங்கிப் போவார். அந்தப் பைக்கு நர்சரியில் பாக்கெட் என்று பெயர். பாக்கெட்டின் வாய் ஓர் உள்ளங்கை அகலம் இருக்கும். அந்த அகலத்துக்குள் கன்றைத் தவிர வேறு எது முளைத்தாலும் ராசாத்திக்குப் பொறுக்காது.

அவருக்குக் கருவி எதுவும் கிடையாது. வலது கைப் பெருவிரலும் ஆட்காட்டி விரலும்தான். களையின் கழுத்தைப் பிடித்து அரைத் திருகு திருகி இழுத்தால் வேரோடு வந்துவிடும். கன்று அசையாது. மற்றவர்கள் நாளுக்கு ஆயிரம் பாக்கெட் பார்த்தால் இவர் இரண்டாயிரத்துச் சொச்சம் பார்ப்பார். பேசிக்கொண்டே செய்வார். குனியும்போது முனகுவதில்லை.

வேலை முடிந்த பிறகும் கை நிற்காது என்பதுதான் அவரிடம் உள்ள ஒரே கோளாறு. ஒருமுறை வங்கிக்குப் போய் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவர், வாசலில் இருந்த குரோட்டன்ஸ் தொட்டியில் களை எடுக்க ஆரம்பித்தார். காவலாளி தடுக்கவில்லை. இன்னும் நான்கு தொட்டிகள் பின்பக்கம் இருப்பதைச் சொன்னார். கல்யாண மண்டபங்களில் இரண்டாம் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் தரையில் பதித்த கற்களின் இடுக்கைச் சுத்தம் செய்வார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன வீட்டில், பெரியவர்கள் பேசி முடிப்பதற்குள் துளசி மாடத்தைப் புதிதாக்கியிருந்தார். பெண்ணை எடுத்துக்கொள்கிறோம் என்று அந்த வீட்டம்மா வாய் திறந்தது அதற்கப்புறம்தான் என்று ராசாத்தியின் கணவர் நாகராசு இன்றைக்கும் சொல்கிறார். நாகராசு சிறிய லோடு வண்டி ஓட்டுகிறார். நர்சரிக் கன்றுகளும் அதில்தான் போகும்.

போன வருடம் சித்திரையில் செம்மல் சந்தனக் கன்றுகள் இறக்கினார். இரண்டாயிரத்து நூற்றைம்பது நாற்றுகள். ஒவ்வொன்றும் நான்கு இலையோடு தீக்குச்சி உயரம் இருந்தது. இரண்டாயிரம் கன்றுக்கு ஏற்கெனவே ஆர்டர் இருந்தது. புதுக்கோட்டையில் இருக்கும் உதயசூரியன் என்பவர், மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், மழை விழுந்ததும் ஐப்பசி முதல் வாரத்தில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். நர்சரிக்கு அதுவரை வந்ததிலேயே பெரிய ஆர்டர் அதுதான்.

சந்தனத்துக்குத் தனியாக ஒரு நிழல்வலைக் கூடாரம் கட்டி வாசல் வைத்தார்கள். தானும் பிளெஸ்ஸியும் தவிர யாரும் உள்ளே போகக் கூடாது என்று செம்மல் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. பிளெஸ்ஸி தாவரவியல் படித்துவிட்டு நர்சரியில் கணக்கு, போன், கன்றுகளுக்குப் பெயர்ச்சீட்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் பெண். வாசலில் ‘அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது’ என்று எழுதித் தொங்கவிட்டாள். ராசாத்தி அதைப் படித்தார். வெளியாட்களுக்கு எழுதியது என்று எடுத்துக்கொண்டார்.

தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் வழி அந்தக் கூடாரத்தை ஒட்டித்தான். வலை வழியாகப் பார்த்தால் உள்ளே நடப்பது தெரியும். வைகாசியில் பாக்கெட்டுகளில் களை தலைகாட்டியது. ஆனியில் அது சந்தனத்தைவிட உயரமாக வளர்ந்து பக்கத்துப் பாக்கெட்டில் சாய்ந்தது. செம்மல் அதைக் கத்தரியால் நுனி மட்டும் நறுக்கிவிட்டுப் போவதை ராசாத்தி இரண்டு தடவை பார்த்தார். தலையை வெட்டினால் களை இன்னும் நன்றாகக் கிளைக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தம்பிக்குக் களை எடுக்கத் தெரியவில்லை, கேட்கவும் கூச்சப்படுகிறது என்று முடிவுக்கு வந்தார்.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, காரைக்குடிப் பக்கம் செம்மலின் மைத்துனர் மகனுக்குக் காதுகுத்து. நர்சரிக்கு விடுமுறை. வேலைசெய்யும் அத்தனை பேரையும் செம்மல் அழைத்திருந்தார். நாகராசுவின் வண்டியில் எல்லாரும் கிளம்பினார்கள். ராசாத்தி மட்டும் கால் வலிக்கிறது என்று சொல்லி நின்றுகொண்டார்.

வண்டி போனதும் கூடாரத்துக்குள் போனார். காலை ஆறரை மணி. கூலி எழுதாத நாள், கேட்காத வேலை. செம்மல் திரும்பி வந்து பார்க்கும்போது அசந்துபோக வேண்டும் என்பது மட்டும்தான் எண்ணம்.

உள்ளே இருந்தது ஒரே வகைக் களை. பொன்னாங்கண்ணி. ஒரு பாக்கெட்டுக்கு ஒன்று, எல்லாப் பாக்கெட்டிலும் கன்றுக்கு வலப்பக்கமாக, ஒரே தூரத்தில் இருந்தது. ராசாத்தி இதைக் கவனித்தார். களை என்றால் பிடிவாதமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். வேர் கொஞ்சம் கெட்டியாக இருந்தது. வழக்கமான அரைத் திருகு போதவில்லை. ஒரு திருகு முழுதாகத் தேவைப்பட்டது. சில இடங்களில் கன்றும் கூடவே அசைந்தது. அமுக்கிவிட்டார்.

பத்து மணிக்கு ஒரு சாக்கு நிறைந்தது. பக்கத்து வீட்டுச் சுகுணா ஆட்டை ஓட்டிக்கொண்டு அந்த வழியாக வந்தார். இளம் பொன்னாங்கண்ணியைக் குப்பையில் போட மனம் வராமல் ராசாத்தி சாக்கை அவரிடம் கொடுத்துத் தெருவில் பகிர்ந்துகொள்ளச் சொன்னார். வெள்ளிக்கிழமை என்பதால் எந்த வீட்டிலும் கறி இல்லை. ஏழு வீட்டில் அன்று மதியம் கீரைதான். நான்கு வீட்டில் துவட்டல், மூன்று வீட்டில் பருப்பு போட்டுக் கடைசல். இரண்டாவது சாக்கு சுகுணாவின் ஆடுகளுக்குப் போனது.

ஒன்றரை மணிக்கு வேலை முடிந்தது. ராசாத்தி நிமிர்ந்து பார்த்தார். வரிசை வரிசையாகச் சிவப்பு மண், நடுவில் ஒற்றைக் கன்று. போனில் மூன்று படம் எடுத்து நர்சரி வாட்ஸ்அப் குழுவில் போட்டார். எழுதுவதற்குப் பதிலாகப் பேசி அனுப்பினார்.

“தம்பி, வந்து பாருங்க. மொட்ட அடிச்ச மாரி இருக்கு.”

காரைக்குடியில் அப்போது பந்தி நடந்துகொண்டிருந்தது. செம்மலுக்குப் பக்கத்து இலையில் மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய மைத்துனர் மகன் அழுதுகொண்டே அப்பளம் தின்றுகொண்டிருந்தான். படத்தை முதலில் பார்த்தது பிளெஸ்ஸி. எழுந்து வந்து போனைச் செம்மலிடம் நீட்டினாள். செம்மல் படத்தைப் பார்த்தார், பேச்சையும் கேட்டார், இலையை மூடினார். பாயசம் மூன்று இலை தள்ளி வந்துகொண்டிருந்தது. நாகராசு அதைப் பற்றி இப்போதும் பேசுகிறார்.

மூன்று மணிக்கு வண்டி நர்சரிக்குத் திரும்பியது. செம்மல் கூடாரத்துக்குள் போய் ஒவ்வொரு வரிசையாக நடந்தார். பத்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பாராட்டுவதற்கு வார்த்தை தேடுகிறார் என்று நினைத்து ராசாத்தி காத்திருந்தார்.

“அக்கா, இதுல இருந்த பொன்னாங்கண்ணி எங்க?”

“தின்னாச்சு தம்பி.”

“எல்லாமா?”

“ஏழு வீட்டுக்குக் குடுத்தேன். மிச்சம் சுகுணா ஆட்டுக்கு. நல்ல கீரை. மருந்து கிருந்து அடிக்கலயே?”

செம்மல் காலியாக இருந்த பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். சவூதியில் பதினோரு வருடம் மேற்பார்வையாளராக இருந்தவர். கத்தும் பழக்கத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்ததாகச் சொல்வார். அன்றும் கத்தவில்லை. சந்தனம் தன் வேரை மட்டும் நம்பி வளராது என்று விளக்கினார். பக்கத்தில் இருக்கும் செடியின் வேரைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டு, அதிலிருந்து உறிஞ்சித்தான் தேறும். அதற்காகவே ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு பொன்னாங்கண்ணியைத் துணைச்செடியாக நட்டு வைத்திருந்தார்கள். பிளெஸ்ஸி ஸ்கேல் வைத்து அளந்து நட்டது. துணைச்செடி இல்லாவிட்டால் கன்று மஞ்சளாகி, வளராமல் நின்று, மெதுவாகச் சாகும். வேரோடு பிடுங்கியதில் சந்தனத்தின் வேரும் அறுந்திருக்கும்.

ராசாத்தி முழுதாகக் கேட்டார்.

“அப்ப இது ஓசிச் சோறு தின்னுற மரமா?”

“ஆமாக்கா.”

“இதுக்குத்தான் அம்புட்டுக் காவலா?”

முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று ராசாத்தி கேட்டார். போர்டு வைத்திருந்ததைப் பிளெஸ்ஸி நினைவுபடுத்தினாள். போர்டில் களையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே என்றார் ராசாத்தி. அது உண்மைதான் என்பதால் பிளெஸ்ஸி செம்மலைப் பார்த்தாள். செம்மல் பாக்கெட்டைப் பார்த்தார்.

கிளம்பும்போது ராசாத்தி வாசலில் நின்று கேட்டார்.

“நாளைக்கு நா வாரதா, வேண்டாமா?”

“வாங்க. ஆனா ஐப்பசி வரைக்கும் ஒங்க வேல இது மட்டுந்தான். அவரு வாரப்ப கன்னு பச்சையா இருக்கணும். எடுக்காமப் போனாருன்னா, இங்கிட்டு யாருக்கும் வேல இல்ல. நானும் மறுபடி பெட்டியக் கட்ட வேண்டியதுதான்.”

சனிக்கிழமை காலை ராசாத்தி பொன்னாங்கண்ணி தேடிக் கிளம்பினார். ஆனி வெயிலில் கண்மாய் வெடித்துக் கிடந்தது. கரையில் காய்ந்த கோரை மட்டும் இருந்தது. திருமயம் கடைத்தெருவில் இருந்த கீரைக்கட்டுகளை வாங்கி வந்து நட்டுப் பார்த்தார். முந்தின நாள் அறுத்த கீரை. பத்துக்கு ஏழு அழுகியது. ஈரமும் இளமையும் உள்ள தண்டு வேண்டும். கணுவுக்குக் கணு வேர்விடும் செடி அது, தண்டு மட்டும் கிடைத்தால் போதும்.

மூன்றாம் நாள் பாத்திரம் கழுவும்போது ராசாத்தி தன் வீட்டுப் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை கீரை ஆய்ந்த தண்டுகளைச் சாக்கடை ஓரம் வீசியிருந்தார். கழுவும் தண்ணீர் பட்டு அதில் பாதி நிமிர்ந்து நின்றது. கணுவில் வெள்ளை வேர் நூல்போல இறங்கியிருந்தது.

கூடையை எடுத்துக்கொண்டு மற்ற ஆறு வீட்டுக்கும் போனார். குளிக்கும் தண்ணீர் ஓடும் இடம், பாத்திரம் கழுவும் இடம், ஒரு வீட்டில் சலவை இயந்திரத்தின் குழாய் விடும் பள்ளம். எங்கெல்லாம் தண்டு விழுந்ததோ அங்கெல்லாம் குனிந்தார். தெருவில் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். கொடுத்த கீரையைத் திருப்பி வாங்க வந்தவரை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. சுகுணா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“பொன்னாங்கண்ணி தின்னா கண்ணு தெளியும்னு சொல்லித்தானடி குடுத்த. ஒனக்கு மொதல்ல ஒரு கட்டு குடுத்திருக்கணும்.”

“நானும் அன்னைக்கித் தின்னேன்.”

“எப்ப? புடுங்குனதுக்கு அப்பறந்தான?”

ஏழு வீட்டிலும் சேர்த்து முந்நூற்றுச் சொச்சம் தண்டு தேறியது. அதை நேராகப் பாக்கெட்டில் நட்டால் முந்நூறு கன்றோடு கதை முடிந்துவிடும். ராசாத்தி நர்சரித் தண்ணீர்த் தொட்டியின் வழிசல் ஓடும் இடத்தில் ஒரு பாத்தி கட்டி அத்தனையையும் நட்டார். மூன்று வாரத்தில் பாத்தி மூடிக்கொண்டது. ஆடி பத்தாம் தேதி வாக்கில் தண்டு நறுக்கி, பாக்கெட்டுக்கு ஒன்றாக நடத் தொடங்கினார். பிளெஸ்ஸி ஸ்கேலை நீட்டினாள். ராசாத்தி அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு விரலால் அளந்து நட்டார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அதற்குள் கன்றுகள் சாகத் தொடங்கியிருந்தன. வேர் அறுந்தவை முதல் பத்து நாளில் கருகின. மற்றவற்றில் இலை நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, இடையில் மஞ்சள் ஏறியது. ராசாத்தி காலையில் வந்ததும் செத்தவற்றைப் பொறுக்கி வெளியே வைப்பார். பிளெஸ்ஸி எண்ணி எழுதுவாள். இருநூற்று எழுபத்தாறில் அந்த எண்ணிக்கை நின்றது.

நட்ட பிறகுதான் ராசாத்திக்கு உண்மையான கஷ்டம் ஆரம்பித்தது. பொன்னாங்கண்ணியோடு கூடவே கோரையும் அறுகும் முளைத்தன. கோரையை எடுக்க வேண்டும், அதற்கு அரை விரல் தள்ளி நிற்கும் பொன்னாங்கண்ணியைத் தொடக் கூடாது. முப்பது வருடம் எதையும் கேட்காமல் வேலை செய்த விரல்கள் அவருடையவை. முதல் வாரத்தில் பதினான்கு பொன்னாங்கண்ணியைப் பிடுங்கி உடனே திருப்பி நட்டார். பிறகு ஆட்காட்டி விரலில் துணியைச் சுற்றிக்கொண்டார். துணி சுற்றிய விரல் வழுக்கும், வழுக்கினால் ஒரு கணம் நிற்கும், அந்தக் கணத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. நாளுக்கு இரண்டாயிரம் பாக்கெட் பார்த்தவர் நானூறு பார்த்தார். மற்ற பெண்கள் இதைச் சொல்லிக் கேலி செய்தார்கள். செம்மல் பார்த்துக்கொண்டு போனார். பொன்னாங்கண்ணி உயர்ந்து சந்தனத்துக்கு வெயிலை மறைத்தால் கத்தரியால் நுனி நறுக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். சின்னப் பிள்ளைக்குத் தெரிந்ததை மறந்துவிட்டு ராசாத்தி நறுக்கினார்.

ஆவணிக் கடைசியில் மஞ்சள் நின்றது. புரட்டாசியில் புதுக் கொழுந்து வந்தது. ஐப்பசி பிறந்தபோது ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தாறு கன்றுகள் முழ உயரத்துக்குப் பளபளவென்று நின்றன. ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு பொன்னாங்கண்ணி. ஆர்டர் இரண்டாயிரம். நூற்று முப்பத்து நான்கு குறைவு. அதைப் பற்றிச் செம்மல் உதயசூரியனிடம் எதுவும் சொல்லவில்லை. வழக்கமாக நர்சரியில் கொஞ்சம் சாகும், அவரிடம் சொல்ல வேண்டாம் என்று பிளெஸ்ஸியிடமும் சொல்லிவைத்தார். ராசாத்தியிடம் சொல்ல மறந்துவிட்டார். இது அவருக்கு இரண்டாவது தடவை.

உதயசூரியன் முதல் மழைக்கு மூன்றாம் நாள் காரில் வந்தார். அறுபத்திரண்டு வயது. வெள்ளைச் சட்டை, கையில் அளக்கும் டேப். சந்தன மரத்தைப் பற்றி ஐம்பது வீடியோ பார்த்திருந்தார். பதினைந்து வருடத்தில் மரம் என்ன ஆகும் என்பதைப் பற்றியவை எல்லாம். பாக்கெட்டில் என்ன இருக்கும் என்பதைப் பற்றி ஒரு வீடியோவும் இல்லை.

கூடாரத்துக்குள் வந்து இரண்டு வரிசை நடந்தார். முகம் மாறியது.

“என்ன செம்மல், பாக்கெட்டுக்கு ஒரு களை வச்சிருக்கீங்க. எடுக்க ஆள் இல்லையா?”

சொல்லிக்கொண்டே குனிந்து ஒரு பொன்னாங்கண்ணியின் கழுத்தைப் பிடித்தார். பிடித்த விதம் சரியாக இருந்தது. இவருக்கும் களை எடுத்துப் பழக்கம் உண்டு என்று அந்தப் பிடியைப் பார்த்ததும் தெரிந்தது. இழுப்பதற்குள் ராசாத்தியின் கை அவர் மணிக்கட்டை அமுக்கிவிட்டது.

செம்மல் கண்ணை மூடிக்கொண்டார். வாடிக்கையாளரின் கையைப் பிடிப்பது நர்சரியில் வழக்கமில்லை.

“விடும்மா. யாரு நீ?”

“களையெடுக்குற ஆளுங்க.”

“அப்ப எடுக்க வேண்டியதுதான?”

“எடுத்தா இது செத்துருங்கய்யா. நா எடுத்துப் பாத்துட்டேன்.”

உதயசூரியன் நிமிர்ந்தார். எத்தனை செத்தது என்று கேட்டார். ராசாத்தி இருநூற்று எழுபத்தாறு என்றார். பிளெஸ்ஸி நோட்டை மெதுவாகப் பின்னால் மறைத்தாள். நோய் விழுந்த கன்றைத் தன் தலையில் கட்டப் பார்க்கிறார்களா என்று உதயசூரியன் செம்மலிடம் கேட்டார். செம்மல் துணைச்செடியைப் பற்றி விளக்க ஆரம்பித்தார். ஒட்டும் வேர், உறிஞ்சும் முறை எல்லாவற்றையும் சொன்னார். உதயசூரியன் மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருடம் விளக்கம் கேட்டவர். தலையை ஆட்டினாரே தவிர நம்பவில்லை. களை எடுக்காத சோம்பலுக்கு இவ்வளவு நீளமான காரணம் சொல்பவரை இப்போதுதான் பார்ப்பதாகச் சொன்னார். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். கார் சாவியை எடுத்தார்.

ராசாத்தி அவரைக் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனார். வரும்போது இரண்டு கையிலும் இரண்டு பாக்கெட் இருந்தது. கீழே வைத்தார். மறுபடி போய் ஆறு கொண்டுவந்தார். எட்டையும் வரிசையில் நின்ற கன்றுகளுக்கு முன்னால் வைத்தார்.

எட்டும் சந்தனம். எட்டிலும் மண் சுத்தமாக இருந்தது, ஒரு புல்கூட இல்லை. கன்று அரைச் சாண் உயரம். நான்கைந்து இலை, நோயாளியின் நகம்போல வெளுத்து இருந்தது. பின்னால் அதே வயதுக் கன்றுகள் முழ உயரத்தில் நின்றன.

செம்மல் அவற்றை அதற்குமுன் பார்த்ததில்லை. இது என்ன என்று கேட்டார்.

ராசாத்தி கொஞ்சம் தயங்கினார். பிறகு உதயசூரியனைப் பார்த்தே சொன்னார். ஆடியில் எல்லாவற்றுக்கும் துணைச்செடி நடச் சொன்னபோது தம்பி சொல்வது உண்மைதானா என்று அவருக்குச் சந்தேகம் இருந்தது. ஓசியில் தின்னும் மரம் இருக்குமா என்று நம்ப முடியவில்லை. அதனால் பன்னிரண்டு பாக்கெட்டை எடுத்துத் தொட்டிக்குப் பின்னால் ஒரு வலைத்துண்டின் கீழ் வைத்தார். அதே மண், அதே தண்ணீர். பொன்னாங்கண்ணி மட்டும் இல்லை. தினமும் களை எடுத்தார்.

“அதுல நாலு செத்துருச்சு. மிச்சம் எட்டு இது. நா நல்லா களையெடுத்த செடி இதுதாங்கய்யா. வேணும்னா இத எடுத்துக்கங்க.”

உதயசூரியன் உட்கார்ந்தார். டேப்பை மறுபடி எடுத்து வெளுத்த கன்று ஒன்றை அளந்தார், பச்சைக் கன்று ஒன்றை அளந்தார். இன்னொரு ஜோடியையும் அளந்தார். மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். எட்டையும் அளந்த பிறகு சாவியைச் சட்டைப்பையில் போட்டார். தோட்டத்தில் நடும்போது இந்தக் கீரையையும் சேர்த்து நடுவதா என்று கேட்டார். சேர்த்துத்தான் என்றார் ராசாத்தி. கொஞ்ச நாளைக்கு இது போதும், அப்புறம் அகத்தியோ சவுக்கோ பக்கத்தில் வைக்க வேண்டும் என்று செம்மல் சொன்னார். இப்போது அவர் சொன்னதை உதயசூரியன் எழுதிக்கொண்டார். எத்தனை தேறியிருக்கிறது என்று பிளெஸ்ஸியின் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தாறையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். குறைகிற நூற்று முப்பத்து நான்கை அடுத்த வருடம் தரவேண்டும் என்றார். நடவுக்கு இரண்டு நாள் இந்த அம்மாவை அனுப்ப வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை.

நாகராசுவின் வண்டி ஐந்து நடை போனது. ராசாத்தி முதல் நடையிலேயே கன்றுகளுக்கு நடுவில் உட்கார்ந்து போனார். உதயசூரியனின் தோட்டத்தில் குழி வெட்டி வைத்திருந்தார்கள். பாக்கெட்டைப் பிளேடால் கீறி, மண்கட்டி உடையாமல் இறக்குவது எப்படி என்று ஆட்களுக்குக் காட்டினார். ஒவ்வொரு குழியிலும் பொன்னாங்கண்ணி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்கு நகர்ந்தார். மூன்றாம் நாள் நர்சரிக்குத் திரும்பியதும் செய்த முதல் வேலை, தொட்டிக்குப் பின்னால் போய் அந்த எட்டுப் பாக்கெட்டிலும் பொன்னாங்கண்ணித் தண்டு நட்டதுதான். அதற்கு யாரும் சொல்லவில்லை.

கார்த்திகை கடைசியில் உதயசூரியன் நர்சரிக்குப் போன் செய்தார். கன்றைப் பற்றிக் குறை இல்லை. நூற்றுக்கு ஐந்துகூடப் பழுதில்லை. குறை ராசாத்தியைப் பற்றியது. நடவு முடிந்து ஒரு மாதத்துக்கு மேலாகியும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஏறித் தோட்டத்துக்கு வந்துவிடுகிறார். யாரும் கூப்பிடவில்லை, கூலியும் கேட்பதில்லை. வரிசை வரிசையாக நடந்து பார்க்கிறார். காவலுக்கு இருக்கும் வீரய்யாவை உட்காரவே விடுவதில்லை. போன வாரம் வீரய்யாவின் விரலில் துணி சுற்றிவிட்டுப் போயிருக்கிறார். அவர் வேலையை விட்டுப் போகிறேன் என்கிறார்.

செம்மல் ராசாத்தியைக் கூப்பிட்டு விசாரித்தார். கன்று கொடுத்தாகிவிட்டது, ஆர்டர் முடிந்தது, இனி அது அவர்கள் பாடு என்று சொன்னார். எதற்காக அங்கிட்டுப் போய் வருகிறீர்கள் என்று கேட்டார்.

ராசாத்தி அப்போது வேம்புப் பாக்கெட்டில் கோரை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“அந்த வீரய்யா கை சரியில்ல தம்பி. நா பாத்தேன். என் கை மாரியே இருக்கு.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனார்.